பைபிளுக்கு உரை எழுதிய இராமநாதனும் சோனகருக்கு அடையாளம் எழுதிய இராமநாதனும்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்ற பெயரைக் கேட்டதும் இலங்கை முஸ்லிம்களுக்கு இரண்டு ஆண்டுகள் நினைவுக்கு வரும். ஒன்று 1888. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று அவர் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை வாசித்த ஆண்டு. மற்றது 1915. கண்டியில் தொடங்கி நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிய கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட பின்னர், கைதான சிங்களத் தலைவர்களுக்காக அவர் சட்டநிரூபண சபையிலும் இலண்டனிலும் வாதாடிய ஆண்டு. இந்த இரண்டையும் பற்றி நமது இணையத்தளங்களிலும் ஜும்ஆவுக்குப் பிந்திய பேச்சுகளிலும் போதுமான அளவு பேசியிருக்கிறோம்.

இவற்றுக்கு நடுவே இராமநாதன் செய்த இன்னொரு காரியம் நம்மவர் கவனத்துக்கு அதிகம் வரவில்லை. சைவராகப் பிறந்து சைவராகவே வாழ்ந்த அவர் கிறிஸ்தவர்களின் இரண்டு சுவிசேஷங்களுக்கு ஆங்கிலத்தில் முழு நீள உரை எழுதினார். மத்தேயு சுவிசேஷத்துக்கான உரை 1898இலும், யோவான் சுவிசேஷத்துக்கான உரை 1902இலும் இலண்டனில் வெளிவந்தன. இரண்டிலும் ஆசிரியர் பெயர் 'ஸ்ரீ பரானந்தா' என்றே இருந்தது. அது இராமநாதனின் ஆன்மிகப் பெயர். பதிப்பித்தவர் ஆர். எல். ஹாரிசன் என்ற அவுஸ்திரேலியப் பெண்மணி. பிற்காலத்தில் லீலாவதி இராமநாதன் என்ற பெயரில் அவருடைய மனைவியானவர் இவரே.

இந்த நூல்களை இப்போது ஏன் கிளற வேண்டும்? இன்னொருவரின் வேதத்தையும் அடையாளத்தையும் பற்றி வெளியிலிருந்து பேசும்போது நேரும் நன்மையையும் தீங்கையும் ஒரே மனிதரின் எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இவை உதவுகின்றன. கடந்த சில ஆண்டுகளாக நம்மைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருக்கும் ஒரு சமூகத்துக்கு இது வெறும் பழங்கதை ஆகாது.

அந்தக் காலத்துக் கொழும்பு

இராமநாதன் 1851இல் கொழும்பில் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் இலங்கையில் சமயங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது பெரும்பாலும் சண்டை மொழியிலேயே நடந்தது. பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலரே பின்னர் மிஷனரிமாருக்கு எதிராக 'சைவதூஷண பரிகாரம்' (1854) எழுதினார். 1873இல் பாணந்துறையில் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே நடந்த பெரும் விவாதத்தில் பௌத்தர் தரப்பில் முன்னின்றவர் கொட்டாஞ்சேனை விகாரையைச் சேர்ந்த மீகெட்டுவத்தே குணானந்த தேரர். 1883 உயிர்த்த ஞாயிறு தினத்தில் அதே கொட்டாஞ்சேனையில் பௌத்தப் பெரஹரா ஒன்றின்போது கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையே கைகலப்பு மூண்டு கலவரமானது. நமது சமூகமும் இந்தச் சூழலில்தான் விழித்துக்கொண்டது. எம்.சி. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். மருதானையில் ஸாஹிராவின் முதல் வடிவமான மத்ரஸா 1892இல் உருவானது.

இராமநாதனின் குடும்பத்தில் வேறொரு பழக்கமும் இருந்தது. பிறர் வேதங்களை வாசிக்கும் பழக்கம். அவருடைய தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி 1874இல் பௌத்தர்களின் 'சுத்த நிபாத'த்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். 1897 ஜனவரியில் சிக்காகோ சர்வசமய மாநாட்டுப் புகழோடு விவேகானந்தர் கொழும்பில் வந்து இறங்கியபோது வரவேற்பில் முன்னின்றவர் இராமநாதனின் சகோதரர் பொ. குமாரசுவாமி. கீழைத்தேய ஞானத்தை மேற்கு நாடுகள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியிருந்த நேரம் அது. மறு ஆண்டு மத்தேயு உரை வெளிவந்தது.

அந்த நாட்களில் இராமநாதன் அரசாங்கத்தின் சொலிசிட்டர் ஜெனரல். ஆட்சியாளரின் சமயம் கிறிஸ்தவம். அந்த அரசின் சட்ட அதிகாரி ஒருவர், கிறிஸ்தவர் அல்லாதவர், ஆட்சியாளரின் வேதத்துக்கு அவர்களுடைய மொழியிலேயே உரை எழுதி அவர்களுடைய தலைநகரிலேயே அச்சிட்டார். இதிலிருந்த துணிச்சலை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. நாவலரும் குணானந்த தேரரும் பைபிளில் பிழை தேடினார்கள். இராமநாதன் அதில் உண்மை தேடினார்.

அவர் என்ன சொன்னார்?

நூல்களின் தலைப்புகளே அவருடைய முறையைச் சொல்லிவிடுகின்றன. மத்தேயு உரை, ஸ்ரீ பரானந்தாவின் 'தெய்வ அனுபவத்தின் ஒளியில்' விளக்கப்பட்டது. யோவான் உரை 'கீழைத்தேய விளக்கம்', அதுவும் ஞானயோகத்தின் ஒளியில். திருச்சபையின் மரபோ, கிரேக்க மூலத்தின் இலக்கணமோ, வரலாற்று ஆராய்ச்சியோ இங்கு முதன்மை பெறவில்லை. சாதனை செய்து தன்னை அறிந்த ஒருவருடைய அனுபவமே வேதத்தைத் திறக்கும் சாவி என்பது அவருடைய நிலைப்பாடு. தஞ்சாவூரைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு பயின்ற சைவ ஞான மரபின் வழியாகவே அவர் சுவிசேஷங்களுக்குள் நுழைந்தார்.

அவருடைய விளக்கத்தின் சாரத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். மனிதனிடம் உடல், மனம், ஆன்மா என்று பிரித்து அறியப்பட வேண்டியவை இருக்கின்றன. ஆன்மா உலகப் பற்றிலிருந்து விடுபட்டுத் தூய்மையடையும்போது இறைவனை அறிகிறது. இயேசு அந்த நிலையை அடைந்த ஞானி. 'கிறிஸ்து' என்பது தூய்மையடைந்த ஆன்மாவின் நிலையைக் குறிக்கும் பெயர். 'பிதா', 'குமாரன்' என்ற சொற்கள் இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள உறவைச் சொல்கின்றன. இறை இராச்சியம் என்பது உள்ளே தேடப்பட வேண்டியது. மேற்கத்தேய சபைகள் சொற்களின் வெளிப்பொருளைப் பிடித்துக்கொண்டு உட்பொருளைத் தவறவிட்டன. கிழக்கின் ஞானிகளுக்கு அது புரியும். 1905-06இல் ஐக்கிய அமெரிக்காவில் அவர் ஆற்றிய விரிவுரைகளும், பின்னர் நூலாக வந்த அவற்றின் தொகுப்பும் இதே கருத்தையே மேற்கத்தேயருக்கு எடுத்துச் சொல்ல முயன்றன.

ஒரு முஸ்லிம் வாசகர் இதைப் படிக்கும்போது முதலில் ஒரு சந்தோஷம் வரலாம். ஈஸா (அலை) அவர்களை இறைவனின் தனித்த குமாரன் என்று கொள்ளும் திருச்சபையின் விளக்கத்தை இவர் அப்படியே ஏற்கவில்லை என்று தோன்றும். 'கிறிஸ்து' என்ற கிரேக்கச் சொல்லும் அல்குர்ஆன் அவருக்கு வழங்கும் 'அல்மஸீஹ்' என்ற பெயரும் ஒரே எபிரேய வேர்ப்பெயருக்குப் போவதை நாம் அறிவோம். ஆகவே இராமநாதன் நம் பக்கம் வருகிறார் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் சற்று நிதானித்துப் படித்தால் அவர் நம் பக்கமும் வரவில்லை என்பது விளங்கும். ஆன்மா இறைவனோடு ஒன்றாகிறது என்ற இடத்தில் அவருடைய விளக்கம் முடிகிறது. நமது தவ்ஹீத் கோட்பாட்டில் படைத்தவனும் படைப்பும் ஒன்றாவதில்லை. நபி என்பவர் பயிற்சியால் ஒரு நிலையை எட்டிய ஞானியும் அல்லர். அல்லாஹ் தேர்ந்தெடுத்து வஹீ அருளிய தூதர். கிறிஸ்தவர் தரப்பிலிருந்து பார்த்தாலும் அவர்களுடைய விசுவாசத்தின் மையமான சிலுவையும், பாவத்துக்கான பலியும், மூன்றாம் நாள் உயிர்த்தெழுதலும் இந்த உரையில் தம் பழைய இடத்தை இழந்துவிடுகின்றன. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றும் ஒரு கத்தோலிக்கத் தாயிடம் இந்த உரையை வாசித்துக் காட்டினால் அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லலாம். இதுதான் என் விசுவாசம் என்று சொல்வாரா என்பது வேறு கேள்வி.

ஜெர்மனியில் ஓர் இளைஞர்

இந்தக் கேள்வி இராமநாதனோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. ஐரோப்பாவின் மிகப் பெரிய மெய்யியலாளர்களில் ஒருவரான ஹெகல், பெயர் பெறுவதற்கு முன், இருபதுகளின் நடுவில் இதே வேலையைச் செய்தார். டியூபிங்கனில் இறையியல் படித்துவிட்டுப் போதகராகப் போகாமல் பேர்ண் நகரில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தபோது, 1795இல் அவர் இயேசுவின் வாழ்க்கையை எழுதினார். அந்த இயேசு அற்புதங்கள் செய்வதில்லை. மெய்யியலாளர் கான்ட் போதித்ததைப் போல, மனிதன் தன் பகுத்தறிவின் ஒழுக்கக் கட்டளைப்படி வாழ வேண்டும் என்று போதிக்கிறார். கதை அவருடைய அடக்கத்தோடு முடிகிறது. உயிர்த்தெழுதல் இல்லை.

அடுத்து, ஒழுக்கப் போதனையாகத் தொடங்கிய ஒரு சமயம் எப்படி அதிகாரத்தின் பெயரால் ஏற்கப்படும் கட்டளைத் தொகுதியாக மாறியது என்று ஹெகல் கேட்டார். பின்னர் பிராங்பர்ட்டில் எழுதிய கட்டுரையில் அவருடைய கருத்து மாறியது. இப்போது இயேசு கான்டின் மாணவர் அல்லர். கடமையைக் கடந்த அன்பின் போதகர். அந்த அன்பை உயர்த்திக் காட்டுவதற்காக யூத சமயத்தை வெறும் சட்டத்துக்கும் அடிமை மனத்துக்கும் உரியதாக ஹெகல் தாழ்த்தி எழுதினார். நாம் இறைவனின் உற்ற நண்பர் என்று போற்றும் இப்ராஹீம் (அலை) அவர்களையும், சொந்த பந்தங்களை அறுத்துக்கொண்டு பூமியில் எவரோடும் ஒட்டாமல் அலைந்த ஒருவராகவே அவர் சித்திரித்தார். ஓரிறைவனுக்காக வீட்டையும் ஊரையும் துறந்த அந்த ஹிஜ்ரத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம், அவர் எப்படிப் பார்த்தார் என்று ஒப்பிட்டால் தூரம் புரியும்.

ஹெகல் இவற்றை வெளியிடவில்லை. 1831இல் அவர் இறந்து பல ஆண்டுகளின் பின், 1907இல்தான் ஹெர்மன் நோல் என்பவர் இந்தக் கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்து அச்சிட்டார். ஒரு சிந்தனையாளர் எப்படி உருவானார் என்பதை அறிய அவை இன்றும் பயன்படுகின்றன. இங்கு நமக்கு வேண்டிய பாடம் சிறியது. கான்டைப் படித்த காலத்தில் ஹெகலுக்கு இயேசு கான்டாகத் தெரிந்தார். அன்பைப் பற்றிச் சிந்தித்த காலத்தில் அன்பாகத் தெரிந்தார். ஞானயோகம் பயின்ற இராமநாதனுக்கு ஞானயோகியாகத் தெரிந்தார். அறிவாளிகள் பிறர் வேதத்தைத் திறக்கும்போது முதலில் தங்கள் முகத்தையே அதில் காண்கிறார்கள். அதனால் அவர்களுடைய உழைப்பு பயனற்றதாகிவிடாது. ஆனால் தான் கண்டது தன் முகம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீண்டும் 1888

இனி இராமநாதனின் சோனகர் கட்டுரைக்கு வருவோம். இது சுவிசேஷ உரைகளுக்குப் பத்து ஆண்டுகள் முந்தியது. அதில் அவர் மொழி, வரலாறு, பழக்கவழக்கம், உடல் தோற்றம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு சோனகர் இனவியல்படி தமிழரே என்று வாதிட்டார். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், திருமணச் சடங்குகளில் தமிழர் வழக்கங்கள் இருக்கின்றன என்பன போன்ற சான்றுகள். மேலோட்டமாகப் பார்த்தால் இதிலும் ஒரு பெருந்தன்மை தெரியும். நீங்கள் அந்நியர் அல்லர், எங்களவர் என்பதுதானே அதன் பொருள்?

இந்த இடத்தில்தான் நாம் கவனிக்க வேண்டும். கிறிஸ்தவரிடம் அவர் சொன்னது: உங்கள் வேதத்தின் உண்மைப் பொருள் உங்கள் சபையிடம் இல்லை, எங்கள் ஞானத்தில் இருக்கிறது. சோனகரிடம் அவர் சொன்னது: உங்கள் உண்மையான இனம் நீங்கள் சொல்வது அல்ல, எங்கள் இனம். இரண்டு வாக்கியங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. எதிரிலிருப்பவரைத் தாழ்த்தாமல் அணைத்துக்கொள்கிறார். ஆனால் அணைக்கும்போதே, நீங்கள் யார் என்று சொல்லும் உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார்.

முதலாவது பேச்சால் பெரிய தீங்கு நேரவில்லை. கிறிஸ்தவர்கள் ஆட்சியாளரின் சமயத்தினர். இராமநாதனின் உரையால் அவர்களுடைய ஒரு தேவாலயக் கதவும் மூடப்போவதில்லை. இரண்டாவது பேச்சின் நிலை வேறு. அப்போது சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென்று தனி உறுப்பினர் இருக்கவில்லை. 1879 முதல் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர் இராமநாதன். சபைச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. சோனகர் தமிழரே என்றால் அவர்களுக்குத் தனி ஆசனம் எதற்கு என்ற கேள்வி தானாகவே எழும். 1889இல் முஸ்லிம்களுக்கு ஓர் ஆசனம் வழங்கப்பட்டு எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். ஒரே மாதிரியான விளக்கம்தான். பலமுள்ளவரைப் பற்றிச் சொன்னபோது அது ஒரு நூலாக நின்றது. பலமற்றவரைப் பற்றிச் சொன்னபோது ஓர் ஆசனத்தையே இல்லாமல் செய்யக்கூடியதாக இருந்தது.

ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இதற்கு மறுப்பு எழுதினார். ஹெகலின் கையெழுத்துப் பிரதிகள் வெளிவந்த அதே 1907இல் அது வெளியானது. முன்னோர் அரபு வணிகர்கள், வந்த இடத்தின் மொழியை ஏற்றுக்கொண்டார்கள், மொழி ஒன்றை வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாது என்பது அவருடைய வாதத்தின் போக்கு. இன்று பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் போன்ற ஆய்வாளர்கள் இரண்டு தரப்பு வாதங்களுக்கும் பின்னால் இருந்த அரசியலை நிதானமாக ஆராய்ந்திருக்கிறார்கள். நமது மூதாதையரில் எத்தனை பேர் அரபு நாட்டிலிருந்து வந்தார்கள், எத்தனை பேர் இந்த மண்ணிலேயே இஸ்லாத்தைத் தழுவினார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் வேலை. நமது வீட்டு மொழி தமிழ் என்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. அஸீஸின் எழுத்தில் எனக்கு மிகவும் பெறுமதியாகப் படுவது அவருடைய சான்றுகளை விட அவர் பேசினார் என்பதே. எங்களைப் பற்றிய விவாதத்தில் எங்கள் குரலும் பதிவாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

1915ஐயும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். இராணுவச் சட்டத்தின் பெயரால் பிரித்தானிய அரசு செய்த அத்துமீறல்களை இராமநாதன் எதிர்த்தது நியாயமானது. ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞர் அந்த ஆண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தப் பெரும் வாதத்தில், கடையும் வீடும் இழந்த முஸ்லிமின் துயரம் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகவே நமது முன்னோர் உணர்ந்தார்கள். எங்களவர் என்று 1888இல் அணைத்துக்கொண்டவர், எங்கள் வீடு எரிந்தபோது எங்கள் குரலாக இருக்கவில்லை என்ற மனக்காயம் அது. அதனால்தான் அந்தக் காயம் நூறு ஆண்டு கடந்தும் ஆறவில்லை.

நம் பக்கத்துக் கணக்கு

இதுவரை சொன்னதை இராமநாதன் மீதான குற்றப்பத்திரிகையாக மட்டும் வாசித்தால் பயனில்லை. நாமும் பிறர் வேதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்.

1854இல் ஆக்ராவில் மிஷனரி பாண்டருடன் விவாதித்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, பின்னர் 'இழ்ஹாருல் ஹக்' என்ற நூலில் பைபிளின் முரண்பாடுகளை விரிவாக எடுத்துக் காட்டினார். அவர் காலத்து மிஷனரிகளின் தாக்குதலுக்கு அது ஒரு பதில். அதே காலத்தில் சேர் செய்யித் அஹ்மத் கான் வேறொரு வழியில் போனார். 1862இலும் 1865இலும் அவர் வெளியிட்ட 'தப்யீனுல் கலாம்' பைபிளுக்கு ஒரு முஸ்லிம் எழுதிய உரை. உருதுவும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டன. ஆங்கிலத் தலைப்பிலேயே இது ஒரு முகம்மதிய உரை என்று சொல்லிவிட்டார். ஆதியாகமத்தில் தொடங்கி மத்தேயுவின் முதல் அதிகாரங்கள் வரை எழுதினார். இராமநாதனுக்கு முன்பே மத்தேயுவைத் திறந்த இன்னொரு தென்னாசியர் அவர். பைபிளை முழுவதும் கெடுக்கப்பட்ட நூல் என்று தள்ளிவிடாமல் மரியாதையோடு வாசித்தார். அவருடைய பல கருத்துகளை நமது உலமாக்கள் ஏற்கவில்லை. ஆனால் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதற் பக்கத்திலேயே சொன்ன அவருடைய நேர்மையை நாம் கற்றுக்கொள்ளலாம். யோவான் உரைக்குக் கீழைத்தேய விளக்கம் என்று பெயரிட்ட இராமநாதனுக்கும் அந்த நேர்மையில் ஒரு பங்கு உண்டு.

இன்று நமது கையடக்கத் தொலைபேசிகளில் வலம் வரும் காணொளிகளைப் பாருங்கள். ஒரு கிறிஸ்தவரிடம் அவருடைய பைபிளிலேயே இது இருக்கிறது என்று வசனத்தைக் காட்டி வாயடைக்கச் செய்வதைத் தஃவாவாக நினைக்கிறோம். அந்த வசனத்தை அவருடைய சபை எப்படி விளங்கிக்கொள்கிறது என்று கேட்பதில்லை. பிறகு 2019 ஏப்ரல் 21இல் நமது சமயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது நிலைமை தலைகீழானது. இணையத்தில் துண்டு துண்டாகப் பொறுக்கிய அல்குர்ஆன் வசனங்களைக் காட்டி, உங்கள் வேதமே இதைத்தான் சொல்கிறது என்று எங்களுக்கு விளக்கினார்கள். அந்த வசனத்தை எங்கள் உலமாக்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

அடுத்து வந்தது ஜனாஸா எரிப்பு. 2020இல் கொவிட் காரணம் காட்டி உடல்களை எரிக்க வேண்டும் என்ற விதி வந்து, 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது தளர்த்தப்பட்டது. அந்த மாதங்களில் ஜனாஸா பற்றி எதுவும் படிக்காதவர்கள் கூட, இஸ்லாத்தில் இதற்கு விதிவிலக்கு உண்டு, உங்கள் மதம் இதைத் தடுக்கவில்லை என்று தொலைக்காட்சியில் நமக்கு மார்க்கம் கற்பித்ததை மறந்திருக்க மாட்டோம். 1888இன் அதே அச்சு. நீங்கள் யார், உங்கள் வேதம் என்ன கேட்கிறது என்பதை நாங்கள் சொல்கிறோம். இம்முறை அதன் விலையைப் பெற்றோரும் பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

மூன்று கேள்விகள்

ஆகவே பிறர் சமயத்தைப் பற்றி நாம் பேசும்போதும், நம்மைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது: பேசுகிறவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்கிறாரா? ஒரு முஸ்லிமாக நான் ஈஸா (அலை) அவர்களை இப்படி நம்புகிறேன் என்று சொல்வதும், இயேசு உண்மையில் இதைத்தான் சொன்னார், உங்களுக்குத்தான் தெரியவில்லை என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டவர் நம்மோடு தொடர்ந்து பேசுவார். இரண்டாவதைக் கேட்டவர் எழுந்து போய்விடுவார்.

இரண்டாவது: அந்த விளக்கத்தில் அந்தச் சமயத்தவர் தம்மை அடையாளம் காண்கிறாரா? அவர் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆம், நாங்கள் நம்புவது இதைத்தான், நீங்கள் அதை மறுக்கிறீர்கள் என்று அவர் சொல்லும்படி இருந்தால் போதும். யூதரைப் பற்றி ஹெகல் எழுதியது இந்தச் சோதனையில் தேறாது. நம்மைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதியும் தேறாது.

மூன்றாவது: இந்த விளக்கம் யார் கையில் என்ன ஆயுதமாகும்? பலமுள்ள சமூகத்தைப் பற்றிய தவறான விளக்கம் ஒரு விவாதத்தோடு முடியலாம். சிறுபான்மையைப் பற்றியது ஒரு சட்டமாகவோ, ஓர் ஆசனமாகவோ, ஒரு மையவாடியாகவோ வந்து நிற்கும்.

நமது மார்க்கம் இதற்கு நமக்கு வழிகாட்டியிருக்கிறது. வேதம் அருளப்பட்டோருடன் அழகிய முறையிலேயே விவாதிக்குமாறு அல்அன்கபூத் சூராவின் 46ஆம் வசனம் பணிக்கிறது. சமுதாயங்களாகவும் கோத்திரங்களாகவும் மனிதர் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று அல்ஹுஜுராத் சூராவின் 13ஆம் வசனம் கற்றுத் தருகிறது. ஒருவரை அறிவதற்கு முதலில் அவரைப் பேச விட வேண்டும்.

ஓர் ஆசிரியை என்ற வகையில் எனக்குத் தெரிந்த ஒரு நடைமுறையைச் சொல்லி முடிக்கிறேன். நமது பாடசாலைகளில் முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை ஒரு கட்டாய பாடமாகப் படிக்கிறது. பல சமயப் பிள்ளைகள் கற்கும் கொழும்புப் பாடசாலைகளில் சமய பாட மணி அடித்ததும் வகுப்பு பிரிகிறது. இஸ்லாம் படிப்பவர் ஓர் அறைக்கு, சைவநெறி படிப்பவர் ஓர் அறைக்கு, கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் படிப்பவர் வேறு அறைகளுக்கு. இந்த ஏற்பாடு தேவையானது. நமது பிள்ளைகளின் ஈமானுக்கு அது அரண். ஆனால் பதினொரு ஆண்டு முடிவில், ஒரே வாங்கில் அமர்ந்து இடைவேளையில் சாப்பாட்டைப் பகிர்ந்த தோழி எதை நம்புகிறாள் என்பதை அவள் வாயால் கேட்காமலேயே பிள்ளை வெளியேறுகிறது. மிச்சத்தைக் காணொளிகள் கற்பிக்கின்றன.

தவணைக்கு ஒரு தடவையாவது, மேல் வகுப்புகளில், பக்கத்து அறையின் சமய பாட ஆசிரியரை அழைத்து, தங்கள் பண்டிகை எதைக் குறிக்கிறது, தாங்கள் எப்படித் தொழுகிறோம், எங்களைப் பற்றி மற்றவர்கள் எதைத் தவறாக விளங்கியிருக்கிறார்கள் என்று அவரையே சொல்லச் செய்யலாம். விவாதம் வேண்டாம். பதில் சொல்லவும் வேண்டாம். மறு தவணையில் நமது மௌலவி ஆசிரியர் அந்த அறைக்குப் போய் நோன்பையும் ஜனாஸாவையும் பற்றிச் சொல்லட்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிக்கு மாடி மூன்று சமயத்தவர் வாழ்கிறோம். இதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓர் அதிபரின் சம்மதமும் ஒரு பாடவேளையும் போதும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிறவர்கள், இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலையும், அதற்குச் சற்றுத் தூரத்தில் அந்தோனியார் ஆலயத்தையும் பார்த்திருப்பார்கள். கோயில் இருக்கும் வீதிக்கு அவருடைய பெயரே இருக்கிறது. அவர் நம்மைப் பற்றி எழுதியதை நாம் மறுத்தது சரியே. தொடர்ந்து மறுப்போம். அத்தோடு, அவருடைய பைபிள் உரைகளை வாசித்து, நேசத்தோடு செய்த விளக்கம் கூட எங்கே வழுக்குகிறது என்பதையும் அறிந்துகொள்வோம். அந்த வழுக்கலில் நாளை நாமும் விழாமலிருக்க அது உதவும்.